பதினைந்து பாகம் சங்கிலி: ஒரு பாய்ப்படகு விடுமுறையின் நிகழ்வு ஆய்வு

மே மாதக் கடைசி வாரத்தில், சீஷெல்ஸ் நாட்டின் பிராலின் தீவின் வடகரையில், அதிகாலை 2.40 மணிக்கு எங்கள் படகின் நங்கூரம் பிடியை விட்டது. படகில் ஏழு பேர் இருந்தோம். ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. படகுக்கு நேர்ந்த சேதமும் ஒரு புரொப்பல்லரில் சுற்றிக்கொண்ட கயிறு மட்டும்தான். பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து உறவுக்காரர்களிடம் சொன்னபோது இது இரண்டு நிமிடக் கதையாகச் சுருங்கிவிட்டது. எனக்கு அது போதவில்லை. அந்த இரவில் தவறு செய்தவர் யார் என்று மூன்று பேருக்கு மூன்று கருத்து இருக்கிறது. அதில் ஒருவன் நான். அதனால் என் நோட்டுப் புத்தகம், மைத்துனரின் கைப்பேசியில் பதிவான படகின் தடம், மற்றவர்கள் சொன்னது ஆகியவற்றை வைத்து முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

ஆட்கள்

என் மனைவியின் தம்பி ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அங்கே வார விடுமுறைகளில் பாய்ப்படகு கற்று, சிறுபடகு செலுத்துவதற்கான சான்றிதழும் வாங்கியவர். மாலுமி இல்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுக்கலாம், மாலுமியின் சம்பளம் மிச்சம் என்ற யோசனை அவருடையது. காகிதத்தில் அவர்தான் கேப்டன்.

திட்டம் போட்டவன் நான். எந்த நாள் எந்தத் தீவு, எங்கே சாப்பாடு, எங்கே குளியல் என்று அட்டவணை எழுதி, நான்கு நிறத்தில் கோடு போட்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

மூன்றாவது ஆள் மாமா. என் மனைவிக்குச் சித்தப்பா, வயது 74. தூத்துக்குடித் தோணிகளில் பாய்க் காலத்திலும், பிறகு இயந்திரம் ஏறிய காலத்திலும் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். கடைசிப் பதினோரு வருடம் தண்டல், அதாவது தோணியின் தலைவர். அவரை நாங்கள் கூட்டிப் போனது அவருடைய அறிவுக்காக அல்ல, ‘பாவம், வீட்டில் தனியாக இருப்பார்’ என்றுதான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஆய்வு என்று தலைப்பு வைத்த பிறகு மறைப்பதற்கில்லை.

மற்றவர்கள் என் மனைவி, மைத்துனரின் மனைவி, எங்கள் மகள் (14), மகன் (10).

இங்கிருந்தே ஏன் இல்லை

போவதற்கு முன்பும் பின்பும் நிறையப் பேர் கேட்ட கேள்வி: தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகள் நம் கண் முன்னே கிடக்கும்போது எதற்கு ஆப்பிரிக்கா பக்கம் போக வேண்டும்? பதில் எளிது. அவை 1986இலிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே இறங்கக் கூடாது. இறங்க விடாததற்குக் காரணமும் இருக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்தே தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லியை நாம் கடலுக்குள் அனுப்பிவிட்டோம். கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டியும் அப்படியே மூழ்கியது. வான் தீவு என் வயதுக்குள் தேய்ந்து, செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கிக் காப்பாற்ற வேண்டிய அளவுக்குச் சிறுத்தது. காரைச்சல்லியும் தேய்ந்து வருகிறது. மாமாவுக்கு இந்தத் தீவுகள் சுற்றுலா இடமே அல்ல. துறைமுகத்துக்குள் வரும்போது பார்த்துக் கணித்த அடையாளங்கள். “விலாங்குசல்லி இருந்த இடம் எனக்குத் தெரியும். இப்போது அதன் மேலேயே படகு போகிறது” என்றார் ஒருமுறை. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

காற்றைப் பற்றிய கேள்வி

டிக்கெட் எடுத்த பிறகு, ஏப்ரல் நடுவில், மாமாவிடம் அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். பிறகு ஒரே கேள்வி: “அங்கே அந்த மாதத்தில் என்ன காற்று?”

“வெப்பமண்டலத் தீவு, மாமா. புயலே வராத இடம்” என்றேன்.

சொன்னதில் பொய் இல்லை. மாஹே, பிராலின், லா டீக் ஆகிய மூன்றும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நான்கு ஐந்து பாகைக்குள் இருக்கின்றன. சூறாவளிகளின் பாதை இன்னும் தெற்கே. ஆனால் அவர் புயலைப் பற்றிக் கேட்கவில்லை, காற்றைப் பற்றிக் கேட்டார். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது பிடிபடவில்லை. சீஷெல்ஸில் டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று. மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று, அதுதான் பலமானது. இடையில் ஏப்ரலும் நவம்பரும் கடல் மெத்தென்று கிடக்கும் மாதங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுதும். ஏப்ரல் கடைசியிலேயே போயிருக்கலாம். மே கடைசி வாரத்தில் படகு வாடகை கொஞ்சம் மலிவாக இருந்தது. ஏன் மலிவு என்று நான் யோசிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அங்கே தென்கிழக்காக வீசும் அந்தக் காற்றுதான் நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் வளைந்து, தென்மேற்குப் பருவக்காற்றாக நம்மிடம் வருகிறது. குற்றாலத்தில் சாரல் எப்போது தொடங்கும் என்று ஒவ்வொரு வருடமும் மே கடைசியிலிருந்தே மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரன் நான். கச்சான் என்னும் இந்தத் தென்மேற்குக் காற்றின் காலத்தில் தோணிகள் கரையேறிக் கிடக்கும் என்பதும் சிறுவயதிலிருந்து கேட்டதுதான். நாம் சாரலுக்காகக் காத்திருக்கும் அதே காற்றின் ஊற்றுக்கண்ணில் போய்ப் படகு விட்டுவிட்டு, கடல் ஏன் கரடுமுரடாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டோம்.

முதல் இரண்டு நாள்

திருவனந்தபுரத்திலிருந்து துபாய், துபாயிலிருந்து மாஹே. (கேரளத்துக்குப் பக்கத்து மாஹே அல்ல. பெயர் ஒன்றே, இரண்டும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட இடம்.) துபாயும் சீஷெல்ஸ் மாஹேயும் ஏறக்குறைய ஒரே நெடுக்கோட்டில் இருக்கின்றன. நாங்கள் வடமேற்கே ஏறி, பிறகு நேர் தெற்கே இறங்கினோம். பாய் விரித்துப் போகிறவன் யாரும் போடாத வழி என்று மாமா விமானத்தில் சொன்னார்.

படகு நாற்பது அடி நீளம், நான்கு அறைகள், இரட்டை உடல். உலகமெங்கும் இதற்குக் ‘கட்டமரன்’ என்று பெயர். நம் கட்டுமரத்திலிருந்து போன சொல். மாமா படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “இதில் எந்த மரத்தை எதோடு கட்டியிருக்கிறார்கள்?” என்று கேட்டார். எல்லாம் பைபர்.

சனிக்கிழமை காலை 9 மணிக்குப் படகு கைக்கு வரும், 10 மணிக்குப் புறப்பாடு என்று என் அட்டவணை சொன்னது. படகு கைக்கு வர நண்பகல் ஆனது. அதன் பிறகு வாடகை நிறுவனத்தின் ஆள் மூன்று மணிநேரம் ஒவ்வொரு கருவியாக விளக்கினார். பொழுது சாய்ந்த பிறகு படகை ஓட்டக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனை; அங்கே ஆறு மணிக்குக் கொஞ்சம் பிந்தி இருட்டிவிடும். மாஹேயிலிருந்து பிராலின் சுமார் 45 கிலோமீட்டர். நான்கரை மணிநேர ஓட்டம். ஆகவே முதல் நாள் கடலைக் கடக்க முடியவில்லை. விக்டோரியா துறைமுகத்துக்கு எதிரே சாந்த் ஆன் கடற்பூங்காவில் ஒரு மிதவையில் கட்டிவிட்டுத் தூங்கினோம். அட்டவணை ஒரு நாள் பின்தங்கியது. நான் எதையும் வெட்டவில்லை. ஞாயிறும் திங்களும் பார்க்க வேண்டியவற்றை எல்லாம் திங்கள் ஒன்றிலேயே அடுக்கினேன். மூன்றாம் நாள் இரவின் நங்கூரம் சனிக்கிழமை மாலையே ஆட்டம் கண்டுவிட்டது என்பது என் வாதம்.

ஞாயிற்றுக்கிழமை கடலைக் கடந்தோம். பிராலின் வடகிழக்கே, காற்று தென்கிழக்கிலிருந்து. அதாவது சரியான பக்கக் காற்று. பாய்ப்படகுக்கு இதைவிட நல்ல காற்று கிடையாது. வயிற்றுக்கு இதைவிடக் கெட்ட அலையும் கிடையாது. இரட்டை உடல் படகு ஒற்றை உடல் படகு போலச் சாய்ந்து நிற்காது. அலை ஒரு பக்கத்தைத் தூக்கி, வெடுக்கென்று போட்டு, மறு பக்கத்தைத் தூக்கும். மாட்டுவண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல. முதல் ஒரு மணிநேரத்தில் மகன், பிறகு என் மனைவி, பிறகு நான். மாமா தன் பையிலிருந்து சுக்கையும் உடன்குடிக் கருப்பட்டியையும் எடுத்துத் தட்டி எல்லோருக்கும் கொடுத்தார். குமட்டல் நின்றதா என்றால் குறைந்தது என்பேன். ஒரு வாரத்துக்கு என்று எடுத்துப் போன தூத்துக்குடி மக்ரூன் பெட்டியைப் பிறகு யாரும் திறக்கவில்லை. கடல் ஈரத்தில் அது தானாகவே பாகாகிவிட்டது.

அந்த நான்கரை மணிநேரம் மாமா சுக்கானை விட்டு நகரவில்லை. மைத்துனர் விட்டுக்கொடுத்தார். பாயை இழுக்கும் கயிற்றைத் ‘தாமான்’ என்றுதான் மாமா சொல்லுவார்; “தாமானை ஒரு கை இளக்கு” என்றதும் என் மகள் எந்தக் கயிறென்று கேட்காமலே இளக்கினாள். எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. இந்த விடுமுறையின் நல்ல பகுதி எது என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் இடம் இதுதான், வாயில் புளிப்போடு படுத்துக்கொண்டு பார்த்திருந்தாலும்.

மாலையில் பிராலினின் வடமேற்கு மூலையில் ஆன்ஸ் லாசியோ. தென்கிழக்குக் காற்றுக்குத் தீவே சுவராக நிற்பதால் குளம் போன்ற தண்ணீர். எல்லோரும் தூங்கினோம்.

திங்கள்

காலையில் கரையேறி, வாடகைக் காரில் வலே த மே காட்டுக்குப் போனோம். கடல்தேங்காய் மரங்கள் இயற்கையாக வளர்வது உலகத்தில் பிராலினிலும் பக்கத்துக் கியூரியூஸ் தீவிலும் மட்டும்தான். தாவர உலகிலேயே பெரிய விதை. ஒன்று 20 கிலோகூடத் தாண்டும். முன்காலத்தில் மரம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல், கடலில் மிதந்து வந்த ஓடுகளை மட்டும் கண்டு, கடலுக்கடியில் விளையும் காய் என்று நம்பினார்கள். பெயரும் அப்படித்தான் வந்தது. பக்கீர்கள் கையில் ஏந்திய கப்பரை இந்த ஓடுதான். முளைக்கக்கூடிய நல்ல காய் கனத்தால் மூழ்கிவிடும், உள்ளே அழுகி வெறும் கூடானதுதான் மிதக்கும் என்று வழிகாட்டி சொன்னார். மாமா இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாலத்தீவில் ஒரு கடைக்காரர் இதன் ஓட்டில் உப்பு வைத்திருந்ததாகச் சொன்னார்.

அந்த இடத்திலேயே பகல் 12 மணி. அட்டவணைப்படி அடுத்தது கியூரியூஸ். அங்கே பெரிய நிலஆமைகள் மனிதர்களோடு மனிதர்களாக நடமாடுகின்றன. மகன் ஒன்றின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தபடி ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்பிக் கூட்டி வருவதற்குள் மணி நான்கரை. மாமா, “இன்றைக்கு இங்கேயே கிடக்கலாமே” என்றார். மறுநாள் விடியற்காலை லா டீக் போக வேண்டும், அதற்கு வசதியாகக் கிழக்கே தள்ளி நிற்க வேண்டும் என்றேன் நான். மைத்துனரும், “ஒரு மணிநேரம்தான், அத்தான் சொல்வது சரி” என்றார். புறப்பட்டோம்.

பிராலின் வடகரையில் நான் குறித்திருந்த விரிகுடாவுக்கு வந்தபோது 5.40. வெயில் சாய்ந்துவிட்டது. இது முக்கியம். உச்சிவெயிலில் பார்த்தால் வெளிர்நிறம் மணல், கருநிறம் பாறை அல்லது கடற்புல் என்று மேலிருந்தே தெரியும்; நங்கூரத்தை வெளிர்நிறத்தில் போட வேண்டும். சாய்ந்த வெயிலில் தண்ணீர் முழுதும் ஒரே ஈயத் தகடு. நல்ல இடங்களில் ஏற்கெனவே மூன்று படகுகள். நடுவில் ஒரு இடைவெளி பார்த்துப் போட்டோம்.

சங்கிலிக் கணக்கு

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடிப்பதில்லை. சங்கிலி தரையோடு தரையாகக் கிடந்து, இழுப்பு கிடைமட்டமாக வந்தால்தான் அதன் கொழு மண்ணுக்குள் இறங்கும். இழுப்பு மேல்நோக்கி வந்தால் கொழு பெயர்ந்துவிடும். அதனால்தான் ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது சங்கிலி விட வேண்டும், காற்று பலமானால் ஏழு மடங்கு என்பது விதி. மைத்துனருக்கு இது சான்றிதழ்ப் பாடம், மாமாவுக்குப் பழக்கம்.

மாமா படகின் முன்முனையான அணியத்தில் நின்று, “எத்தனை பாகம்?” என்று கேட்டார். ஒரு பாகம் ஆறடி. நான் கருவியைப் பார்த்து, “ஐந்து மீட்டர், மாமா. மூன்று பாகத்துக்குக் கொஞ்சம் குறைவு” என்றேன். “பதினைந்து பாகம் விடு” என்றார். பதினைந்து பாகம் 27 மீட்டர். ஐந்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். மைத்துனர் மனக்கணக்குப் போட்டுத் தலையாட்டினார். மூவரும் ஒத்துக்கொண்டோம். மூவரின் கணக்கும் சரி. ஐந்து என்ற எண் மட்டும் தவறு.

அந்த ஆழமானி காட்டியது தண்ணீரின் ஆழத்தை அல்ல, படகின் அடிக்குக் கீழே மீதியிருந்த தண்ணீரை. படகு தண்ணீருக்குள் 1.2 மீட்டர் இறங்கி நிற்கிறது. அதைக் கூட்ட வேண்டும். சங்கிலி அணியத்திலிருந்து இறங்குகிறது. அணியம் நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். அதையும் கூட்ட வேண்டும். நாங்கள் வந்தபோது நீர் வற்றத்தில் இருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மீட்டர் ஏறியிருந்தது. அதையும் கூட்டினால் 8.7 மீட்டர். 27ஐ 8.7ஆல் வகுத்தால் மூன்று மடங்குதான் தேறும். விட்டிருக்க வேண்டியது 44 மீட்டர். பெட்டிக்குள் மொத்தம் 60 மீட்டர் சங்கிலி இருந்தது.

யார் எதைத் தவறவிட்டோம் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. ஆழமானி எப்படிக் காட்டும் என்பதை நிறுவன ஆள் சனிக்கிழமை சொன்னார். அவர் கொடுத்த தாளிலும் இருந்தது. அதைச் சொன்ன நேரத்தில் நான் அரிசி மூட்டையையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் ஏற்றிக்கொண்டிருந்தேன். மைத்துனர் மூன்றாவது மணிநேரத்தின் களைப்பில் தலையாட்டியிருக்க வேண்டும். சொன்னதாக அவருக்கு நினைவே இல்லை. அணியத்தின் உயரம் மைத்துனர் பரீட்சைக்குப் படித்தது. ஏற்றவற்றத்தை மாமா அறிந்திருக்க வேண்டும் என்று நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவர் வாழ்நாள் முழுதும் நங்கூரம் போட்ட தூத்துக்குடியிலும் கொழும்பிலும் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு; அதைச் சங்கிலிக் கணக்கில் சேர்க்கும் அவசியம் அவருக்கு வந்ததில்லை. ‘கடலில் பழுத்த கிழவருக்கு எல்லாம் தெரியும்’ என்று கதை சொல்ல நமக்கு ஆசை. அவருக்கு அவர் கடல் தெரியும்.

இன்னொன்று. நங்கூரம் நகர்ந்தால் ஒலிக்கும் எச்சரிக்கையை மைத்துனர் கைப்பேசியில் வைத்திருந்தார். முதலில் 30 மீட்டர் வட்டம். படகு சங்கிலியின் நீளத்துக்கு இப்படியும் அப்படியும் ஆடும்போதெல்லாம் அது கத்தியது. பத்து மணிக்குள் நான்கு முறை கத்தியதும், வட்டத்தை 80 மீட்டராக்கிவிட்டுப் படுத்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற படகு 60 மீட்டர் தூரத்தில் இருந்தது.

2.40

மாமா அறையில் படுப்பதில்லை. குளிர்சாதனம் ஒத்துக்கொள்ளாது என்று படகின் இரண்டு உடல்களுக்கும் நடுவே முன்பக்கம் கட்டிய வலையில் போர்வையோடு கிடப்பார். மலையிலிருந்து மழையோடு ஒரு காற்று இறங்கியது. மழைக்கு எழுந்தவர் காதில் சங்கிலி பாறையில் உரசும் சத்தம் விழுந்தது. பல்லைக் கடிப்பதுபோல இருந்தது என்றார். நிமிர்ந்து பார்த்தால் காற்று முகத்தில் அடிக்காமல் கன்னத்தில் அடிக்கிறது. நங்கூரம் பிடித்திருக்கும் படகு காற்றுக்கு மூக்கைக் காட்டி நிற்கும். கன்னத்தைக் காட்டினால் அது நங்கூரத்தின் பிடியில் இல்லை.

அவர் கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. “மக்கா, இழுக்குது!” ஷார்ஜாவில் பதினான்கு வருடம் இருந்தவரை அந்த ஒற்றைச் சொல் எழுப்பியது. நான் வெளியே வந்தபோது மைத்துனர் இரண்டு இயந்திரங்களையும் முடுக்கிவிட்டிருந்தார். படகு கரையை விட்டு விலகி ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையில் மோதாது என்ற அளவில் அது நல்லது. ஆனால் ஆழம் கூடக் கூடச் சங்கிலியின் மடங்கு இன்னும் குறையும், பிடிப்பு இன்னும் போகும். பின்னால் அந்தப் படகின் பாய்மரத்து உச்சி விளக்கு, சிறுபிள்ளை விரல் நீட்டிக் காட்டும் தூரத்தில்.

மைத்துனரைக் காப்பாற்றியது இரட்டை இயந்திரம். சங்கடத்தில் மாட்டியதும் அதுவே. கரைக்குப் போய்வரும் ரப்பர் படகை மாலையில் பின்னால் நீளக் கயிற்றில் கட்டி மிதக்க விட்டிருந்தோம். அதைத் தூக்கி மாட்டுவது என் வேலை. ‘காலையில் முதல் வேலையாகத் தேவைப்படும்’ என்று விட்டுவிட்டேன். இடப்பக்க இயந்திரம் பின்னோக்கிச் சுழன்றபோது தளர்ந்து கிடந்த கயிறு புரொப்பல்லருக்குள் போய்ச் சுருண்டு, இயந்திரம் ஒரு இருமலோடு நின்றது. மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு, சுக்கானை முழுதாக வெட்டி, மைத்துனர் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பினார். அந்த ஐந்து நிமிடம் அவர் செய்ததைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. மாமா அணியத்திலிருந்து கையால் திசை காட்ட, சங்கிலியை ஏற்றி, இடத்தை மாற்றி, மறுபடி போட்டோம். இந்தத் தடவை 45 மீட்டர். விடிவதற்கு முன் அதே பலத்தோடு இன்னொரு காற்று வந்தது. படகு அசையவில்லை. சங்கிலிதான் காரணம் என்பதற்கு என்னிடமுள்ள நல்ல சான்று இது. புதிய இடத்தில் தரை மணலாக இருந்திருக்கலாம் என்று மைத்துனர் சொல்வார். அதையும் மறுக்க முடியாது.

தண்ணீர்

காலையில் மைத்துனர் சமையலறைக் கத்தியோடு குதித்துக் கயிற்றை அறுத்தெடுத்தார். மேலே வந்து உப்பைக் கழுவக் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. 600 லிட்டர் தொட்டி காலி.

சனி நண்பகலிலிருந்து செவ்வாய் காலை வரை இரண்டே முக்கால் நாள், ஏழு பேர்: ஆளுக்கு நாளொன்றுக்கு 31 லிட்டர். ஊரில் இது ஒன்றுமே இல்லை. கிராமக் குடிநீர்த் திட்டத்துக்கே ஆளுக்கு 55 லிட்டர்தான் அரசின் அளவுகோல். தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு 31 லிட்டர் கஞ்சத்தனம் என்றே தோன்றியது. ஆனால் ஏழு நாளைக்கு 600 லிட்டர் என்றால் ஆளுக்கு 12தான் வரும். இந்த வகுத்தலை நான் பாளையங்கோட்டையிலேயே போட்டிருக்கலாம். மாமா கடல்நீரில் குளித்து, கடைசியில் இரண்டு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வார். அதைக் கண்டு அவருக்குக் குழாய் திறக்கத் தெரியவில்லையோ என்று பிள்ளைகள் நினைத்தார்களாம்.

பிராலினில் பே சாந்த் ஆன் துறைக்குப் போய்த் தண்ணீர் பிடித்தோம். அரை நாள் போனது.

மீதி நாட்கள்

செவ்வாய் மாலை அட்டவணையை நானே கிழித்தேன். யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருந்தது என்பதைத் தவிர. புதனும் வியாழனும் லா டீக்கில். மோட்டார் வண்டிகள் குறைவு, எல்லோரும் சைக்கிள். ஆன்ஸ் சூர்ஸ் தார்ஷான் கரையின் கருங்கல் பாறைகளைப் பார்த்து என் மனைவி, பாபநாசம் மலைப்பாதை ஞாபகம் வருகிறது என்றார். அப்படி ஒன்றும் தூரத்து உறவு அல்ல. சீஷெல்ஸின் இந்த நடுத்தீவுகள் பவளத்திலோ எரிமலையிலோ பிறந்தவை அல்ல; சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்திய நிலத்தோடு ஒட்டியிருந்து பிரிந்த துண்டு. வெள்ளிக்கிழமை அதே பக்கக் காற்றில் மாஹேவுக்குத் திரும்பினோம். யாரும் வாந்தி எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை விக்டோரியாவில் பூசை பார்த்தோம். கிரியோல் மொழியில் ஒன்றும் விளங்கவில்லை என்றாலும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்பது மாமாவுக்குத் தெரிந்திருந்தது. பிறகு, தமிழ் பேச ஆள் கிடைக்கும் என்று, 1992இல் குடமுழுக்கு நடந்த நவசக்தி விநாயகர் கோயிலுக்கும் எங்களோடு வந்து, வாசலில் ஒரு பெரியவரிடம் முக்கால் மணிநேரம் பேசிக்கொண்டிருந்தார். 1770இல் அந்தத் தீவுகளில் குடியேறிய முதல் கூட்டத்திலேயே தென்னிந்தியர்கள் இருந்திருக்கிறார்கள். பெயரில் பிள்ளை என்று இருந்தும் தமிழ் பேசாத குடும்பங்கள் அங்கே பல என்று அந்தப் பெரியவர் சொன்னாராம்.

பணம்

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து வாடகை நிறுவனத்தின் கடிதம் வந்தது. முன்பணத்தில், முங்கிப் புரொப்பல்லரைச் சோதித்ததற்கும் கயிற்றுக்கும் சேர்த்து 380 யூரோ பிடித்திருந்தார்கள். அந்தத் தொகையை யார் ஏற்பது என்ற பேச்சில்தான் எங்கள் மூன்று கருத்தும் வெளியே வந்தன. கயிறு சுற்றியது ரப்பர் படகைத் தூக்காததால், அது அத்தானின் வேலை என்பது மைத்துனரின் கருத்து. அதில் நியாயம் இருக்கிறது. எச்சரிக்கை வட்டத்தை 80 மீட்டராக்காமல் இருந்திருந்தால் இயந்திரத்தை அவசரமாகப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டியே வந்திருக்காது என்றேன் நான். அட்டவணையைப் பற்றி நானாகச் சொன்னேன். அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மாலை 5.40க்குப் போய்ச் சேர்ந்த படகுகள் உலகத்தில் எல்லாமா இழுபட்டன என்று கேட்டார்.

மாமாவிடம் நாங்கள் இதைச் சொல்லவே இல்லை. எப்படியோ தெரிந்துகொண்டு, தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தார். மூன்றில் ஒரு பங்கு ரூபாயில் எவ்வளவு என்று என் மகளைக் கணக்குப் போடச் சொல்லி, சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் எண்ணி வைத்தார். வேண்டாம் மாமா என்று என் மனைவியும் நானும் எவ்வளவோ சொன்னோம்.

“பதினைந்து பாகம் என்று சொன்னது நான்தானே” என்றார்.